மண் பூசாத கத்தி

ஆட்டுக்கறியில் எனக்கு ஈரல் பிடிக்கும். அதற்காகவே ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் ராஜபாளையத்தில் பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கச்சாமியின் கறிக்கடைக்குப் போவேன். அவனுக்கு வெட்டுக்கத்தி அடித்துக் கொடுத்தவனும் நான்தான்.

கத்தியின் முதுகில் களிமண்ணும் கரித்தூளும் குழைத்துப் பூசிக் காயவிடுவேன். பிறகு பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்குவேன். மண் மூடிய முதுகு மெதுவாக ஆறும், அடியைத் தாங்கும். மூடாத வாய் சட்டென்று குளிர்ந்து இறுகும். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய அறிவு வேண்டியதில்லை, ஐயா. தங்கச்சாமிக்கு அந்தச் சின்ன அறிவும் இல்லை.

தொண்ணூற்றொன்றில் ஒருநாள் அவன் ஓர் அரத்தோடு என் பட்டறைக்கு வந்தான். நான்கு பேர் பார்க்க, நான் கொடுத்த கத்தியின் முதுகை அராவினான். இரும்புத்தூள் உதிர்ந்தது.

"பாத்தியளா? பச்ச இரும்பு. ஏலே, பேருலதான் சத்தியநேசனா? சேத்தப் பூசி எம்புட்டுப் பேர ஏமாத்துத?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் விளக்கவில்லை. ஆட்டுக்கு யாரும் விளக்கம் சொல்வதில்லை.

"மண்ணு பூசாம ஒண்ணு அடிச்சுத் தாரேன்" என்றேன்.

"அப்பிடி வழிக்கு வா."

இரண்டு கத்திகள் அடித்தேன். இரண்டும் முதுகுவரை கண்ணாடியாக இறுகியிருந்தன. ஒன்றை நானே எலும்பில் வெட்டிப் பார்த்தேன். ஒன்பதாவது வெட்டில் உடைந்து, துண்டு எதிர்ச்சுவரில் பதிந்தது. வேலையில் நான் அவ்வளவு கவனமானவன். மற்றதைச் சனிக்கிழமை அவனிடம் கொடுத்தேன். முதுகில் அரம் வழுக்கியதும் அவனுக்கு அப்படியொரு சந்தோஷம்.

மறுநாள் கடையில், கட்டைக்கு எதிரே அவன் மனைவி வேலுத்தாய் ஆட்டுத்தொடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எப்போதும் அவள்தான் பிடிப்பாள்.

"வாங்கண்ணே, செத்த நேரம் நில்லுங்க. இவிய இப்பத்தான் புதுக் கத்தியக் கையில எடுத்திருக்காவ, கொஞ்சி முடிக்கட்டும்" என்று சிரித்தாள்.

நான் இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்து நின்றேன். வெட்டுகளை எண்ணினேன்.

துண்டு அவள் கழுத்தில் பாய்ந்தது. தங்கச்சாமி கையில் மிஞ்சிய பிடியையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதும் அவனுக்குப் புரியவில்லை.

வேலுத்தாய்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, ஐயா. எதிரே நிற்கலாமா என்று ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருந்தால், உள்ளதைத்தான் சொல்லியிருப்பேன்.