விழுகிறவனின் முகம்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே பூதம் என்றால் பயம் சார். அதையே வரைந்து பிழைப்பேன் என்று யார் கண்டது?

மாயலோகக் கதைப் புத்தகங்களுக்கு அரக்கன், பேய், பறக்கும் பாம்பு வரைவதுதான் என் வேலை. ஆரம்பத்தில் மைப்பேனாக் கோடுகள் போதும். என் டிராகன் அஜீரணம் பிடித்த எருமை மாதிரி இருக்கும். பிள்ளைகளுக்கு அதுதான் உயிர். பிறகு கட்டுமஸ்தான காலம் வந்தது. உடம்பே இல்லாத பேய்க்குக்கூட வயிற்றில் தசைக்கட்டு கேட்டார்கள். போட்டுக் கொடுத்தேன். ஊரோடு ஒத்துப்போகிறவன் நான்.

அதற்கப்புறம் தத்ரூபம். செதிலில் ஈரம்கூடத் தெரிய வேண்டும். புது அட்டைக்கு, அரக்கன் பிடியிலிருந்து நழுவி விழும் ஒரு மனிதன். கலைப்பிரிவுத் தலைவர் பார்த்தார். “அரக்கன் பிரமாதம்யா. விழறவன் மூஞ்சிதான் பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி இருக்கு. நிஜமான பயம் வேணும்.” திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

மாடலாக இருந்தது என் மனைவியின் தம்பி. எங்களோடுதான் இருந்தான், கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தங்கமானவன். எதற்கெடுத்தாலும் சிரிப்பான், அது ஒன்றுதான் தொந்தரவு.

மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் உட்கார வைத்தேன். “மாமா, இது போதுமா?” என்று வாயைப் பிளந்தான். பல் டாக்டரிடம் காட்டுகிற மாதிரி இருந்தது.

“இன்னும் கொஞ்சம் பின்னால சாயுடா.”

சாய்ந்தான். அப்போதும் சிரிப்புத்தான். தள்ளினேன். அப்புறம் சிரிக்கவில்லை.

கால் தவறிவிட்டது என்று எல்லோரும் நம்பினார்கள். நான் கீழே அறையில் வரைந்துகொண்டிருந்ததாகச் சொன்னேன். காரியம் முடிந்த கையோடு படத்தையும் முடித்தேன். நினைவு மங்குவதற்குள் வரைந்துவிட வேண்டும் இல்லையா? தலைவர் எழுந்து கைகொடுத்தார். “இப்பதான்யா இதுல உயிர் இருக்கு.”

அட்டை அச்சாகிற நேரத்தில் அவரே மறுபடி கூப்பிட்டார். “தத்ரூபமெல்லாம் பழசாயிடுச்சுப்பா. இனிமே உருண்டைக் கண்ணு, குண்டுக் கன்னம். விழறவன்கூட சிரிச்சுக்கிட்டேதான் விழணும்.” இதை முன்னமே சொல்லியிருந்தால் ஒரு உயிர் தப்பியிருக்கும். அந்த மனிதரை விசாரித்தீர்களா சார்?

அச்சான அட்டை வீட்டுக்கு வந்த அன்று மனைவி அதை மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

“என் தம்பி இப்படிப் பயந்து நான் பார்த்ததே இல்ல. நீங்க எங்க பார்த்தீங்க?”

கேட்டுவிட்டு அழுதுகொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு நேராக உங்களிடம் வந்துவிட்டாள்.

அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. இத்தனை வருஷத்தில் என் படம் ஒன்றைப் பார்த்து அவள் கண் கலங்கியது அன்றுதான். வரைகிறவனுக்கு வேறென்ன வேண்டும்?