நாம் ஏரிக்குப் போட்ட வேலி

மேடையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, கல்லூரி முதல்வர் அவர்களே, முன்வரிசையில் பிள்ளைகளோடு அமர்ந்திருக்கும் பேராசிரியரின் துணைவியார் செலின் அம்மா அவர்களே, நூம்பலிலிருந்தும் திருவேற்காட்டிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம். ஒன்பது நாளைக்கு முன்னால், வியாழக்கிழமை காலை, பஸ் நிறுத்தத்தில் என்னைப் பார்த்துக் கையசைத்த மனிதர்! அவர் படத்துக்கு மாலை போட்டுவிட்டா நான் பேசுகிறேன்?

நான் ராஜசேகரன், ஏரிப் பாதுகாப்புக் குழுவின் செயலாளர். தாவரவியல் பேராசிரியர் இக்னேஷியஸ் அவர்களைப் பத்து ஆண்டுகளாக அறிவேன். நம் ஏரிக்கு அவர் வரும் அழகைப் பார்த்திருக்கிறீர்களா? தோளில் ஒரு பழைய சைக்கிள் ரிம். கண்ணை மூடிக்கொண்டு அதை வீசுவார். அது விழுந்த இடத்தில் முழங்கால் சேற்றில் குனிந்து நின்று, வளையத்துக்குள் எத்தனை வகைச் செடி என்று எண்ணுவார். பைத்தியம் என்றார்கள். நானும் சொன்னேன்.

எண்பத்தெட்டில் வீட்டுமனைகள் பெருகியபோது, ஏரியைக் காப்பாற்றுகிறோம் என்று முள்வேலி போட்டோம். எருமை உள்ளே வரக் கூடாது. மாசி மாதம், தரையில் ஈரம் இருக்கும்போதே மாட்டுக்காரர்கள் அங்கங்கே கோரையைக் கொளுத்துவார்களே, அதுவும் கூடாது. நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தோம். எருமை வளர்க்கும் நாகம்மாள் அன்றே என்னிடம் சொன்னார்: "மாடு மேய்ஞ்சாத்தான் நைனா ஏரி ஏரியா கீது. உட்டுட்டா காடாப்பூடும்." நான் கேட்டேனா?

பேராசிரியர் கேட்டார். வேலிக்கு வெளியே எருமை மேயும் பக்கத்தில், அந்த வளையத்துக்குள் வல்லாரை, நீர்முள்ளி, பொன்னாங்கண்ணி, சின்னச் சின்னக் கோரைகள் என்று பத்தொன்பது வகை. வேலிக்குள்ளே நான்கே நான்கு! சம்புக் கோரை ஆளுயரம் வளர்ந்து, வெயிலை மறைத்து, அடியில் இருந்த அத்தனையையும் கொன்றுவிட்டது. அதற்காக அவர் எருமைக்கு வக்காலத்து வாங்கவில்லை. மந்தை அதிகமானால் எருமை வாய் வைக்காத நெய்வேலி காட்டாமணக்குதான் மிஞ்சும் என்றார். வெளியிலிருந்து வந்த அந்தச் செடியை வேரோடு பிடுங்காமல் கொளுத்தினால், முதலில் துளிர்ப்பதும் அதுதான் என்றார். மேய்ச்சலும் அளவாக வேண்டும், நெருப்பும் அளவாக வேண்டும் என்பதை எத்தனை முறை சொல்லியிருப்பார்!

இந்த மாசியில் என் வீட்டுக்கே வந்தார். ஐந்து வருடச் சருகு மண்டிக் கிடக்கிறது, ஓர் ஓரத்தையாவது கொளுத்த விடுங்கள் என்று கெஞ்சினார். நெருப்பு கூடாது என்ற குழுவின் சர்க்குலரைக் காட்டி மறுத்துவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. "எருமைதான் நம்ம சர்க்குலரப் படிக்காதுன்னா, நெருப்பும் படிக்காது சார்," என்று சிரித்துவிட்டுப் போனார்.

அந்த வியாழக்கிழமை அவர் செடி எண்ணத்தான் உள்ளே போனார். காவலாளி துலுக்கானம் வேலிக் கதவைத் திறந்துவிட்டு, மறுபடியும் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போனார். உள்ளே ஆள் இருந்தாலும் கதவு பூட்டியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எருமை நுழைந்துவிடும் என்பது குழுவின் விதி. துலுக்கானத்தை யாரும் ஒரு சொல் சொல்லாதீர்கள். அந்த விதியை எழுதியவன் நான்.

உச்சி வெயிலில் சம்பு பற்றிக்கொண்டது. எப்படிப் பற்றியது என்று இன்றுவரை தெரியவில்லை. நாகம்மாளும் அவர் மருமகளும் கல்தூணைச் சாய்த்து, வேலியைப் பிரித்து அவரை இழுத்து வந்தபோது, புகை அவர் மூச்சை நிறுத்தியிருந்தது. பூட்டிய கதவுக்கு எட்டடி தூரத்தில் கிடந்தார் ஐயா, எட்டே அடி! என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

நேற்று மாலை எங்கள் குழு கூடியது. பேராசிரியர் நினைவாக ஏரியைச் சுற்றி மதில் எழுப்பி, அதில் அவர் பெயரைப் பொறிப்பதென்று தீர்மானம் போட்டோம். நானும் கை தூக்கினேன். அதை வாசிக்கத்தான் என்னை மேடை ஏற்றினீர்கள். தாள் இதோ என் கையில் இருக்கிறது. செலின் அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகு இதை எப்படி வாசிப்பேன்? அவரைக் கொன்ற தப்பை இன்னும் உயரமாகக் கட்டி, அதில் அவர் பெயரையே எழுதுவதா?

வாசிக்க மாட்டேன். குழு என்னை நீக்கினால் நீக்கட்டும். நாளைக் காலை ஆறு மணிக்குக் கடப்பாரையோடு ஏரிக்கரையில் நிற்பேன். வேலியைப் பிடுங்குவோம், பிறகு காட்டாமணக்கைப் பிடுங்குவோம். அவர் விட்ட இடத்திலிருந்து எண்ணுவோம். இது அவர் படத்தின் முன் நான் செய்யும் சத்தியம்.

வாசலோரம் நிற்கும் நாகம்மாள் அவர்களே, முன்னால் வந்து உட்காருங்கள். வரும் மாசியில் எந்த ஓரத்தை எப்போது கொளுத்த வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன். நாளைக்கு உங்கள் எருமைகளை ஓட்டிக்கொண்டு வாருங்கள் அம்மா. அங்கே கதவு இருக்காது.