அரைக்கட்டை ஏற்றம்

"காலைல டீ குடிச்சியா?"

"குடிச்சேனே. நீதானேடி போட்டுக் குடுத்தே."

"அதான் தொண்டை வறண்டு கிடக்கு. சுடுதண்ணி குடிச்சுட்டு வா, மறுபடி பாடிப் பார்க்கலாம்."

"நேத்து இதே இடம் நல்லா வந்துச்சே."

"நேத்து வந்தா இன்னிக்கும் வரணும்னு தொண்டை எழுதியா குடுத்திருக்கு?"

அவள் சிரித்துக்கொண்டே போய்ச் சுடுதண்ணீர் குடித்தாள். சொன்னபடி கேட்கிற பெண். ஆரம்பத்திலிருந்து சொல் என்றீர்கள், மேடம். துறைத் தலைவர் கேட்கும்போது யோசித்துச் சொல்ல வேண்டும். யோசித்துப் பார்த்தால் எனக்கு இந்தக் காலைதான் முதலில் வருகிறது.

இதோ, என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாளே, அவள் என் அத்தை மகள். ஒரே வீடு, அவர்கள் கீழே, நாங்கள் மாடி. பேச்சு வருவதற்கு முன்பே சீட்டியடித்தாளாம், அதனால் அவள் சீட்டி. ஆர்மோனியத்தை விட்டு எழுந்திருக்காதவள் என்பதால் நான் பெட்டி. விருந்தாளி வந்தால் அத்தை எங்களை வரவேற்பறையில் நிறுத்துவாள். நான் வாசிப்பேன், சீட்டி பாடுவாள். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கன்னத்தைத் தொடுவார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீயும் நல்லா சாப்பிட்டு உடம்பைத் தேத்தும்மா" என்பார்கள். எனக்கு அதில் வருத்தமே கிடையாது. உடம்பைத் தேற்றிவிட்டேன், பார்த்தாலே தெரியும்.

பள்ளிப் பாட்டு ஆசிரியர் படிப்பில் இருவரும் சேர்ந்தே சேர்ந்தோம். அவள் சேர்ந்தது குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க. நான் சேர்ந்தது அவள் சேர்ந்ததால். என் குரலைப் பற்றி நீங்களே மதிப்பெண் போட்டிருக்கிறீர்கள். கண்ணியமாகத்தான் போட்டிருந்தீர்கள். எண்ணெய் காணாத கதவுக் கீலுக்குச் சங்கீத ஆர்வம் வந்தால் எப்படியிருக்கும், அதுதான் என் குரல்.

போன வருடம் பயிற்சிக்காக ஒரு பள்ளிக்கு அனுப்பினீர்கள். நம் முறை உங்களுக்குத் தெரியும். ஆசிரியர் ஒரு வரி பாட வேண்டும், குழந்தைகள் அதைத் திருப்பிப் பாட வேண்டும். பாடினேன். வகுப்பு முழுவதும் என் தப்பைத் தப்பில்லாமல் திருப்பிப் பாடியது. ஒரு பிள்ளைகூடப் பிசகவில்லை. அத்தனை கவனமான வகுப்பை நான் அப்புறம் பார்த்ததில்லை. மேற்பார்வைக்கு வந்திருந்த சார் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. பின்வரிசையில் நின்றிருந்த சீட்டி அந்த வரியை மெதுவாகப் பாடினாள். அவ்வளவுதான், குழந்தைகள் எல்லோரும் என்னை விட்டுவிட்டுப் பின்னால் திரும்பிவிட்டார்கள்.

"நீ வாசிச்சா போதும்மா," என்றார் சார்.

"ஆமாடி, நீ வாசி, நான் பார்த்துக்கறேன்," என்றாள் சீட்டி. காப்பாற்றுகிறாளாம்.

அன்று அவளிடம் ஒன்று கேட்க வாயெடுத்தேன். சின்ன வயதிலிருந்தே கேட்க நினைத்ததுதான். கேட்டால் சிரித்துவிடுவாளோ என்று விழுங்கிவிட்டேன். அவள் சிரிக்கமாட்டாள், சரி என்றே சொல்லியிருப்பாள். அதை நினைத்தால்தான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

வீட்டு மாடியில் நாங்கள் பயிற்சி செய்யும் கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்க ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்திவிட்டால் விரல் அதே இடத்தில்தான் வாசிக்கும், சத்தம் மட்டும் மேலே போய்விடும். முதலில் அரைக்கட்டை, ஒரே ஒரு சின்னப் படிதான் ஏற்றினேன். எத்தனை ஏற்றியிருக்கிறது என்ற எண் தெரிகிற இடத்தை மறைத்துக் கைப்பேசியைச் சாய்த்து வைத்தேன். விளையாட்டுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வரியிலேயே கண்டுபிடித்துவிடுவாள், இரண்டு பேரும் சிரிப்போம் என்று நினைத்தேன்.

அவள் கண்டுபிடிக்கவில்லை. பாடுகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தில் ஏமாளிகள். பெட்டியைச் சந்தேகப்படவே மாட்டார்கள், தன் தொண்டையைத்தான் சந்தேகப்படுவார்கள். "நிஜமாவே டீயினாலயா இருக்கும்?" என்றாள். டீதான் என்றேன். டீயை விட்டாள். அடுத்த வாரம் இன்னொரு அரைக்கட்டை ஏற்றினேன். "ஃபேன் காத்து ஒத்துக்கலையோ?" என்றாள். ஃபேனை நிறுத்தி வைத்தோம். வியர்வையில் நனைந்துகொண்டு நானும்தான் உட்கார்ந்திருந்தேன். இதில் என் கஷ்டத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஒருநாள் கேட்டாள்: "க்ளாஸ்ல சரியா வருதுடி. மாடி ரூமுக்கு வந்தாத்தான் வரமாட்டேங்குது. ஏன்?"

எனக்கு ஒரு நிமிடம் கை நின்றுவிட்டது. ஆனால் பதில் தானாகவே வந்தது. "க்ளாஸ்ல மத்தவங்க குரல் உன்னைத் தூக்கிட்டுப் போகுது. தனியாப் பாடினாத்தானே உண்மை தெரியும்."

அதை அப்படியே நம்பினாள். உண்மையைத் தெரிந்துகொள்வதற்காகக் காலையும் மாலையும் தனியாகப் பாட ஆரம்பித்தாள். நான் வாசித்துக் கொடுத்தேன். ஒருநாள்கூட முடியாது என்று சொன்னதில்லை. அவள் அழுதபோது முதுகைத் தடவிக் கொடுத்தவள் நான்தான். தேன் வாங்கி வந்ததும் நான்தான். தேர்வுக்கு மாதிரிப் பாட்டை வாத்தியம் இல்லாமல் பாட வேண்டும், அதில் தவறினால் ஆசிரியர் வேலையை மறந்துவிட வேண்டியதுதான் என்று அவள் புலம்பியபோது, "நான் இருக்கேன்ல" என்றதும் நான்தான். அந்த மாதங்களில் அவள் என்னைவிட்டு ஒரு பொழுதும் பிரியவில்லை. எங்கள் வீட்டில் சொல்வார்கள், இந்த இரண்டும் ஒட்டிப் பிறந்தவை என்று. அப்போதுதான் அது உண்மையாக இருந்தது.

குரல் உடைந்துகொண்டிருப்பது எனக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். குரல் பராமரிப்புப் பாடத்தில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் நான்தான், மேடம். வரம்புக்கு மேல் அழுத்திப் பாடிக்கொண்டே போனால் குரல்நாணில் என்ன முளைக்கும், எந்த அறிகுறிக்குப் பிறகு எது வரும் என்று படம் போட்டே விளக்கியிருந்தேன். விடைத்தாளை வகுப்பில் காட்டிப் பாராட்டினீர்கள். ஆகவே அவள் காலையில் கரகரவென்று பேச ஆரம்பித்ததும், மேல் ஸ்வரத்தில் காற்று மட்டும் வந்ததும், எனக்குப் புதிதாக இல்லை. நான் எழுதிய வரிசையிலேயே வந்தன. அந்த இடத்தில் இறக்கியிருக்கலாம். விரல் பொத்தானுக்குப் போனது உண்மை. ஏற்றிவிட்டுத்தான் வந்தது.

மாட்டிக்கொண்டது எங்களோடு படிக்கும் வயலின்காரனால். சீட்டியின் மேல் அவனுக்குப் பிரியம், அவளுக்கும்தான். அதைப்பற்றி எனக்கு அபிப்பிராயம் எதுவும் இல்லை. அவள் சோர்ந்து போயிருக்கிறாளே என்று பார்க்க வந்தவன், வந்த இடத்தில் சும்மா இருக்காமல் கீபோர்டோடு வயலினைச் சுருதி சேர்க்கப் பார்த்தான். "என்னங்க இது, இவ்ளோ மேல நிக்குது? தந்தி அறுந்துடும்போல," என்றான். கைப்பேசியை நகர்த்தினான்.

சீட்டி அந்த எண்ணைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "பெட்டி" என்று கூப்பிட்டாள். பாதிதான் சத்தமாக வந்தது.

டாக்டர் இப்போது அவளைப் பேசவே கூடாது என்றிருக்கிறார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு பேச்சு வந்துவிடுமாம். பாட்டைப் பற்றிக் கேட்டதற்கு, "முதல்ல பேசட்டும், பார்க்கலாம்" என்று மேசையைப் பார்த்துச் சொன்னாராம். குழந்தைகள் முன்னால் நின்று ஒரு வரி பாட இனிமேல் அவளால் முடியுமா என்று யாருக்கும் தெரியாது. அத்தை மாடிக்கு வருவதில்லை.

எல்லாம் நான்தான் செய்தேன். கை தவறியோ தெரியாமலோ நடந்ததில்லை. தெரிந்தே ஏற்றினேன், அவள் குரல் நின்றுவிடும் என்று தெரிந்த இடத்திலும் ஏற்றினேன். இதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. எப்படியும் என் சுருதி சுத்தமில்லை என்று பெயர் வாங்கியவள்.

நீங்கள் கண்ணாடியைக் கழற்றி வைத்தீர்கள். பிறகு, "அவ உன் பக்கத்துலதான் உட்கார்ந்திருக்கா. அவகிட்ட சொல்ல வேண்டியதை அவகிட்டயே சொல்லு," என்றீர்கள்.

நியாயம்தான். நான் நாற்காலியைத் திருப்பிக்கொண்டேன். சீட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் துணி சுற்றியிருந்தது. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவள் காத்திருப்பது தெரிந்தது. சொன்னால் மன்னித்துவிடுவாள் என்பதும் தெரிந்தது. இவ்வளவு வருடமாக நான் பேசும்போது அவள் குறுக்கே ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தது இதுதான் முதல் முறை. உங்கள் அறையில், சுவரோரம், அந்தப் பழைய பியானோ திறந்தே இருந்தது.

"சீட்டி," என்றேன், அன்று வகுப்பில் விழுங்கியதைக் கேட்க. "ஒரே ஒரு தடவை, நீ வாசிக்கிறியா? நான் பாடுறேன்."