குளிக்கலாகாது

அட, அதுக்குள்ள துண்டை எடுத்துத் தோள்ல போட்டுட்டீங்களா சார்? பொறுங்க, இறங்காதீங்க. இது நாலாவது வளைவு. குளிக்கணும்னா ரெண்டாவதுக்குப் போங்க, நானே கூட்டிட்டுப் போறேன். இங்க உக்காந்து பாக்குறதோட சரி.

கைடெல்லாம் இல்ல சார், காசு கேப்பேன்னு பயப்படாதீங்க. டவுன்ல போர்டு எழுதுறவன் நான். கடை போர்டு, லாரி நம்பர், பள்ளிக்கூடத்துச் சுவர், எல்லாம் நம்ம கைதான். ஞாயித்துக்கிழமையானா முதல் பஸ்ஸைப் பிடிச்சு இங்க வந்து உக்காந்துடுவேன். கடை கிடையாது பாருங்க, போகவும் வேற இடம் இல்ல.

ரோட்டுல போறவனுக்கு இங்க கடல் இருக்கிறதே தெரியாது. சரிவுல இறங்கினா ஆறு வளைவு, ஒண்ணை ஒட்டி ஒண்ணு. ரெண்டு பக்கமும் பாறை, நடுவுல ஒரு வீட்டு முற்றம் அளவுக்கு மணல். காத்தும் கிடையாது, அலையும் கிடையாது. ஆறும் ஒரே ஜாடை, ஒரு வயித்துப் பிள்ளைங்க மாதிரி. எண்ணிக்கிட்டே வந்தாத்தான் எது எதுன்னு தெரியும்.

சாந்தமாத்தான் இருக்கு, ஆமா. அதான் சார் வம்பே. நாலாவதும் ஆறாவதும் அடியில இழுக்கும். இடுப்பளவு தண்ணியில சிரிச்சுக்கிட்டு நிக்கிற ஆளை அந்தப் பாறைக்குப் பின்னால கொண்டுபோயிடும். கத்தினாலும் மேல கேக்காது.

போர்டா? இருந்துச்சு. ஆறு போர்டும் நான் எழுதினதுதான், பதினோரு வருஷம் இருக்கும். பஞ்சாயத்து ஆபீஸ்ல கூப்பிட்டு ஒரு சீட்டு குடுத்தாங்க. நாலு போர்டுல இங்கே குளிக்கலாம்னு எழுதணும், இந்த நாலாவதுக்கும் ஆறாவதுக்கும் இங்கே குளிக்கலாகாதுன்னு எழுதணும். ஐயா, குளிக்கக் கூடாதுன்னு எழுதினா பட்டுனு புரியுமேன்னு சொல்லிப் பாத்தேன். அந்த கிளார்க் ஒரு இலக்கணப் புலி. கூடாதுன்னா அதட்டுற மாதிரி இருக்காம், ஆகாதுன்னா மரியாதையா இருக்காம். நமக்கெதுக்குப் பொல்லாப்புன்னு எழுதிக் குடுத்துட்டேன்.

பலகை அகலம் பத்தல சார். வார்த்தையை ரெண்டா உடைச்சேன். மேல் பலகையில இங்கே குளிக்கலா, கீழ்ப் பலகையில காது. சிரிங்க, பரவாயில்ல. உங்களுக்கு உடனே தோணுது, அன்னைக்கு எனக்குத் தோணல. போர்டு எழுதுறவன் எழுத்தைத்தான் பாப்பான், வார்த்தையைப் பாக்க மாட்டான்.

அப்புறம் ஒரு மழைக்காலத்துல இந்த போர்டோட கீழ்ப் பலகையைப் புயல்காத்து பிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. காது போச்சு. மிச்சம் என்ன? இங்கே குளிக்கலா. பாக்குறவன் என்ன நினைப்பான், எழுதினவன் ஒரு எழுத்தை முழுங்கிட்டான்னு தானே? அப்படி நினைச்சு எவனோ ஓரத்துல ஒரு ம் போட்டுட்டான்.

பத்து நாள் கழிச்சு காலேஜ் பொண்ணுங்க நாலு பேர் வந்தாங்க. மூணு பேர் தயங்கியிருக்காங்க. ஒருத்தி போர்டைக் காட்டி, எங்கப்பா எழுத்துடி இது, எங்கப்பா தப்பா எழுத மாட்டாருடின்னு சொல்லிட்டு முதல் ஆளா இறங்கியிருக்கா.

ஆமா சார். என் பொண்ணுதான். ஒரே பொண்ணு.

தண்ணி வேணாம், நீங்க குடிங்க. மூணு வருஷம் ஆச்சு, கிடைக்கவே இல்ல. போர்டைக் கழட்டிட்டாங்க. புதுசு எழுதச் சொன்னாங்க, ஒத்துக்கிட்டேன். பலகை மூணு வருஷமா வீட்டு மூலையில சாஞ்சு கிடக்கு, பிரஷ் எடுத்தா கை எழும்ப மாட்டேங்குது. அதான் பலகைக்குப் பதிலா நானே வந்து உக்காந்திருக்கேன். ஞாயித்துக்கிழமை மட்டும்தான் உக்காந்திருக்கேன், மத்த ஆறு நாளைக்கு யார் உக்காருவா?

விசாரிச்சாங்க, ஏன் விசாரிக்கல. எவனோ விளையாட்டுக்குப் பண்ணதுன்னு ஃபைலை மூடிட்டாங்க. என் வீட்டுக்காரி மூடல. பொழுது விடிஞ்சா அடுப்புகிட்ட நின்னு ஆரம்பிப்பா. அந்த ம் போட்டவன் கை அழுகணும், புழுத்துப் போகணும்னு. ஒரு நாள் தவறினதில்ல.

யாரும் என்னைக் கூப்பிடல சார் அன்னைக்கு, என் பொண்ணு இங்க வர்றதுக்குப் பத்து நாள் முன்னாடி. டப்பாவுல சிவப்பு கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. நாலு பேர் பாக்குற எழுத்தாச்சே, மங்கிப்போயிருக்குமே, மேல ஒரு தடவு தடவிட்டு வரலாம்னு வந்தேன். ஒண்ணாவதுல குளிக்கலாம், ரெண்டாவதுல குளிக்கலாம், மூணாவதுல குளிக்கலாம். கை அந்த ஓட்டத்துலயே இருந்துச்சு. இங்க வந்து பாத்தா குளிக்கலான்னு நிக்குது. அடச்சே, இத்தனை வருஷம் ஊர் சிரிச்சிருக்குமேன்னு வெக்கம் பிடுங்கித் தின்னுச்சு. அஞ்சாவதோட பெயிண்ட் தீந்துபோச்சு, பஸ்ஸுக்கு ஓடிட்டேன். ஆறாவது வரைக்கும் நடந்திருந்தா அங்க காது இருந்துச்சு சார். பாத்திருப்பேன். ஓடி வந்து அழிச்சிருப்பேன்.

அவகிட்டயா? எந்த வாயால சொல்றது? தினமும் சாபம் குடுத்து முடிச்சு, கண்ணைத் துடைச்சுட்டு, டீயை இந்தக் கையிலதான் கொண்டாந்து குடுப்பா. சூடா இருக்கு, கையைச் சுட்டுக்காதீங்கன்னு சொல்லித்தான் குடுப்பா.