தேடும் வரிசை

— சுருக்கமா சொல்லு பாப்பா. மூணு மணிக்கு வந்துடுவாங்க. இப்பவே ரெண்டே முக்கால்.

— பாப்பான்னு கூப்பிடாதே அண்ணா. பாப்பா எங்க வீட்ல இருக்கு, மூணு வயசு. அவ பொறந்த அதே வாரம்தான் நீ என் ஆபீஸ் கார்டை பிளாக் பண்ணே. ரெண்டு மாசம் கழிச்சு வந்து கீழ கதவுல தேய்ச்சுத் தேய்ச்சுப் பாத்தேன். சிவப்பு லைட்டுதான் எரிஞ்சுது.

— ஆரம்பிச்சிட்டியா. குழந்தையோட இருக்கட்டும்னு நல்ல மனசோடதான் செஞ்சேன்.

— எது நல்ல மனசு? நான் எழுதின புரோகிராம் அத்தனையையும் உன் மச்சினன் பேருக்கு மாத்தினதா? "எழுதியவர்"னு ஒரே ஒரு வரி. அதைக்கூட நீ விட்டு வைக்கல. என் மேஜையைப் பாரு, பிரிண்டர் வந்த அட்டைப்பெட்டியை அடுக்கி வச்சிருக்கீங்க.

— அவனும் மூணு வருஷம் உழைச்சிருக்கான். ஆபீஸ்ல அவனை என்னன்னு கூப்பிடறாங்க தெரியுமா? கத்திரி. நீ எழுதின நாப்பதாயிரம் வரியை வெட்டி வெட்டி ஒம்பதாயிரமாக்கிட்டான். எத்தனை பஸ் டிப்போ, எத்தனை டிரைவர், எத்தனை ஷிப்டு! ஒரு நாள், ஒரே ஒரு நாள் பிழை வந்ததில்ல.

— முப்பத்தோராயிரம் வரியை வெட்டியும் ஒண்ணும் ஆகல.

— ஆகல.

— டிப்போக்காரங்க புதுசா எதுவும் கேக்கலையா?

— கேட்டாங்க. அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு சொல்லி அனுப்பிட்டோம். ஓடறதை எதுக்கு நோண்டணும்?

— நோண்டக்கூடாது. வெட்டலாம்.

— பாரு, இதான் உங்கிட்ட பிடிக்காதது. வேண்டாததையெல்லாம் எழுதிக் குவிச்சிருந்தே, அவன் சுத்தம் பண்ணான். பொறாமைப்படாம விஷயத்துக்கு வா.

— சரி, வரிசையா வருவோம். சாஃப்ட்வேரை விலைக்கு வாங்க வர்றவங்க என்ன கேட்டாங்க? உன் வாயாலயே சொல்லு.

— ஒரு டாக்குமென்ட். இந்த சாஃப்ட்வேர்ல எழுபது துண்டு இருக்காமே? அவங்க மெஷின்ல போட்டா பாதித் துண்டு கிடைக்கலைன்னு நிக்குதாம். துண்டுகளை ஏத்தற டூல் எதை எங்க தேடுது, எந்த வரிசையில தேடுதுன்னு எழுதிக் கேட்டாங்க. கத்திரியைக் கேட்டேன், பேந்தப் பேந்த முழிக்கிறான். உன் லிஸ்ப்பு பாஷை உனக்குத்தான் புரியும். வரிக்கு வரி பிறை பிறையா அடைப்புக்குறி போட்டு வச்சிருக்கே, பாத்தாலே கண்ணைக் கட்டுது.

— அதான் மத்தியானம் வந்ததுமே மெஷினைப் பாத்து எழுதிக் குடுத்துட்டேனே. மூணு பக்கம். உன் கையிலதான் இருக்கு. படி.

— நீயே சொல்லிடேன், சுருக்கமா.

— பத்தாவது பரீட்சையில கணக்குத் தாளுக்குப் பின்பக்கமும் கேள்வி இருக்குன்னு தெரியாம, மணி அடிக்கறதுக்கு முன்னாடியே எழுந்து வந்தவன்தானே நீ.

— அதை இன்னும் எத்தனை வருஷத்துக்குச் சொல்லிக் காட்டுவே?

— விடு. கேட்டுக்கோ. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு டெஃபனிஷன் ஃபைல் உண்டு. துண்டோட பேரு, யார் எழுதினது, எதை முதல்ல ஏத்தணும், எல்லாம் அதுக்குள்ள இருக்கும். டூல்கிட்ட நீ பேரை மட்டும் சொன்னாப் போதும். ஃபைல் எங்க இருக்குன்னு அதுவே தேடிக்கும்.

— எங்க தேடும்?

— முதல்ல, நாம கையால எழுதி வச்ச லிஸ்ட். அதுல இருக்கற ஃபோல்டரை ஒவ்வொண்ணாப் பாக்கும். அங்க இல்லேன்னா மெஷின் செட்டிங்ல ஏதாவது சொல்லியிருக்கான்னு பாக்கும். அப்புறம் ஹோம் ஃபோல்டர்ல இருக்கற கான்ஃபிக் ஃபைல். அதுக்கும் அப்புறம்தான் எல்லாருக்கும் பொதுவான இடம்.

— எல்லாத்தையும் பாத்துட்டு, இருக்கறதுல நல்லதா ஒண்ணை எடுக்கும்.

— அதான் இல்ல. முதல்ல எங்க கிடைக்குதோ அதை எடுத்துக்கும், அதோட நின்னுடும். அடுத்த இடத்துல அதே பேர்ல இன்னொண்ணு இருக்கா, அது புதுசா, பழசா, ஒண்ணும் பாக்காது. வேண்டியது கிடைச்சாச்சுன்னு போயிடும்.

— நல்ல டூல்தான். என்னை மாதிரி.

— நானும் அதைத்தான் நினைச்சேன்.

— சரி, தாளை ஒரு பார்வை பாத்துடறேன்.

— பாக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன். "எழுதியவர்"ங்கற வரியில என் பேரைத் திருப்பிப் போடு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.

— இப்பப் போய் எப்படிப் போடறது? அவங்களுக்கு எழுதிக் குடுத்திருக்கேன்.

— என்னன்னு?

— இதுல... என் தங்கச்சிக்கு எந்தப் பங்கும் இல்லைன்னு.

— கையெழுத்துப் போட்டா?

— ஸ்டாம்பும் வச்சு. வக்கீல் கேட்டாரு, நான் என்ன பண்றது? கைமாறட்டும், அப்புறம் பாத்துக்கலாம். அம்மாவும் அதையேதான் சொன்னாங்க.

— எனக்கும் போன் பண்ணாங்க. "அண்ணன்தானே, விட்டுக்கொடு"ன்னாங்க. உங்கிட்ட ஒரு தடவையாவது "எடுத்துக்காதே"ன்னு சொன்னாங்களா?

— அம்மாவை இழுக்காதே.

— இழுக்கல. எனக்கு வயிறு எரியுது அண்ணா. மூணு வருஷமா எரியுது. குழந்தைக்குச் சோறு ஊட்டும்போதும் எரியுது, பஸ்ல போகும்போது டிரைவர் முதுகைப் பாத்தாலும் எரியுது. இந்த ஆளுக்கு இன்னிக்கு டியூட்டி போட்டது நான்னு யார்கிட்டயும் சொல்லிக்க முடியல. சரி, சொல்லிட்டேன். படி.

— "முதல் பக்கம். தேடும் வரிசை." ஆமா, நீ சொன்னதேதான். "டூல் எந்த ஃபைலை எடுத்துக்கொண்டது என்பதை அறிய, கீழ்க்கண்ட கட்டளையைத் தரவும்." இது எதுக்கு?

— அவங்க ஆளு வந்ததும் முதல்ல இதைத்தான் அடிச்சுப் பாப்பாரு.

— மாப்ளே! மாப்ளே, அந்தக் கண்ணாடிக் கதவைத் திறந்துட்டு வா. இதை அடி.

— டென்ஷனே வேண்டாம் அத்தான், இதோ. அக்கா, வணக்கம், நல்லாயிருக்கீங்களா? அடிச்சாச்சு அத்தான். ஐயோ.

— என்ன ஐயோ?

— இது என் ஃபோல்டர் இல்ல அத்தான். அக்காவோட பழைய ஃபோல்டர். எழுதியவர்ங்கற இடத்துல அக்கா பேரு நிக்குது.

— அதை நீ அழிக்கவே இல்லையா?

— நான் காப்பி பண்ணிதானே எடுத்தேன். கையால எழுதின லிஸ்ட்டுன்னு ஒண்ணு இருக்கறதே எனக்குத் தெரியாது.

— மூணு மணிக்கு அந்த ஆளு இதை அடிப்பாரு, இவ பேரு வந்து நிக்கும். பங்கே இல்லைன்னு ஸ்டாம்பு வச்சுக் குடுத்தவன் மூஞ்சியை எங்க கொண்டு வைக்கிறது? தூக்கு. அந்த ஃபோல்டரைத் தூக்கு.

— அண்ணா, அடுத்த பக்கத்தையும் படிச்சிட்டுச் சொல்லு.

— நேரமில்ல.

— மூணே பக்கம்தான். முழுசாப் படி.

— எனக்கு வேண்டியது கிடைச்சாச்சு. மாப்ளே, என்ன வேடிக்கை பாக்கற?

— அக்கா ஏதோ சொல்றாங்களே அத்தான்.

— சொல்வா. தன் பேரு அங்க இருக்கணும்னு தவிக்கிறா. அப்படித்தானே?

— ஆமா, தவிக்கிறேன்தான். இருந்தாலும் மூணாவது தடவையாச் சொல்றேன், படி.

— தூக்குடா!

— தூக்கியாச்சு அத்தான். குப்பைத்தொட்டியையும் காலி பண்ணிட்டேன்.

— இப்ப அந்தக் கட்டளையை மறுபடி அடி.

— என் ஃபோல்டர் வருது அத்தான்! என் பேரு!

— அப்பாடா. பாத்தியா பாப்பா? எனக்குக் குழி பறிக்க வந்தே, கடைசியில நீ எழுதின தாளே என்னைக் காப்பாத்திடுச்சு.

— சந்தோஷம். ஒரு தடவை ஓட்டிப் பாரு.

— எதை?

— நாளைக்கு டியூட்டி அட்டவணையை. அவங்களுக்குக் காட்டப்போறது அதானே?

— ஓட்டு மாப்ளே. இவளும் பாத்துட்டே போகட்டும்.

— இதோ அத்தான்.

— என்னடா, திரை பூரா சிவப்பா வருது?

— டென்ஷனே... ஒரு நிமிஷம் அத்தான். ஷிப்டு போடற பகுதி இல்லைங்குது.

— எங்க போச்சு?

— வெட்டிட்டேன். போன வருஷமே வெட்டிட்டேன்.

— ஏன்டா?

— வெட்டியும் ஓடிச்சே அத்தான்! ஓடிச்சுன்னுதானே அடுத்ததையும் வெட்டினேன்! ஐயோ, வார லீவு பகுதியும் இல்லைங்குது. ரூட் பகுதியும் இல்ல.

— என்னதான்டா மிச்சம் வச்சே?

— முகப்பு இருக்கு அத்தான். கம்பெனி பேரும் என் பேரும்.

— பாப்பா, என்னடி பண்ணே?

— நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்ல. ரெண்டாம் பக்கத்தைப் படி.

— "முதலிடத்தில் உள்ள ஃபோல்டரை எக்காரணம் கொண்டும் நீக்கக் கூடாது. இதுநாள்வரை ஓடியது அது மட்டுமே. அடுத்த இடத்தில் உள்ள பிரதி ஒருமுறைகூட ஓடியதில்லை." அடப்பாவி! மாப்ளே, பேக்கப்லேர்ந்து எடு!

— பேக்கப் லிஸ்ட்ல என் ஃபோல்டரை மட்டும்தான் போட்டேன் அத்தான். அக்காவோடது பழசு, எதுக்கு இடத்தை அடைக்கணும்னு... அத்தான், கீழ கார் வந்து நிக்குது.

— நீ போ. உக்கார வை, காபி குடு, பேச்சுக் குடு, என்னவோ பண்ணு, போ! பாப்பா, உங்கிட்ட ஒரு பிரதி இருக்கும். இருக்குல்ல?

— இருக்கு. என் பேரோட இருக்கு.

— குடும்மா. அண்ணன் கேக்கறேன். கால்ல விழணுமா, சொல்லு.

— வேண்டாம். அந்தச் சிவப்பு லைட்டு முன்னாடி அரை மணி நேரம் நின்னேன், கைக்குழந்தையோட. செக்யூரிட்டி வந்து "போங்கம்மா"ன்னு விரட்டினாரு. அப்ப நீ இதே ஜன்னல்லதான் நின்னுட்டிருந்தே. பாத்தியா இல்லையா?

— பாத்தேன்.

— இப்ப நீ நில்லு. நான் பாக்கறேன்.

— வேணும்னே பண்ணியிருக்கே.

— மூணு தடவை படின்னு சொன்னேன். உன் மச்சினன் சாட்சி.

— மூணாம் பக்கத்துல என்ன குண்டு வச்சிருக்கே? அதையும் படிச்சுத் தொலைக்கிறேன்.

— படி. சத்தமாப் படி.

— "இந்த மென்பொருளை எழுதிய நான், இதன் முழு உரிமையையும், எழுதியவர் என்ற பெயரையும் என் அண்ணனுக்கே மனமார விட்டுக்கொடுக்கிறேன். என்னிடம் உள்ள பிரதியையும் ஒப்படைக்கிறேன். முதலிடத்தில் உள்ள ஃபோல்டர் அழியாமல் இருக்கும்வரை மட்டும் இந்தத் தாள் செல்லும்." பாப்பா... இது உன் கையெழுத்து.

— என்னுதுதான். அம்மா சொன்னாங்களே, விட்டுக்கொடுன்னு.

— மத்தியானத்துலேர்ந்து இது என் கையிலயே இருந்திருக்கு.

— உன் கையிலயேதான்.

— படிச்சிருந்தேன்னா உனக்கு ஒண்ணுமே மிஞ்சியிருக்காதே. பேருகூட மிஞ்சியிருக்காதே. அண்ணன் மேல அவ்வளவு பாசமா உனக்கு?

— பாசமா? முப்பத்திநாலு வருஷமா உன்னைப் பாக்கறேன் அண்ணா. நீ மூணாம் பக்கம் வரைக்கும் வரவே மாட்டேங்கற ஒரே நம்பிக்கையிலதான் அதுல கையெழுத்தே போட்டேன்.