அவர் படத்துக்குக் கீழே ஒரு வரி

நிர்மலா: அந்த வார்த்தைய எடுத்துடுங்கண்ணா.

மாதவராஜ்: எந்த வார்த்தம்மா?

நிர்மலா: யானை வந்தா சொல்றதுக்குன்னு போன்ல நீங்க நடத்தற யானைப் பக்கத்துல... அவரு போட்டோவுக்குக் கீழ போட்டிருக்கீங்களே. 'எச்சரிக்கையை அலட்சியம் செய்ததால் யானை தாக்கி இறந்தார்'. அந்த அலட்சியம்.

மாதவராஜ்: உக்காரு மொதல்ல. டீ சொல்றேன்.

நிர்மலா: டீ குடிக்க வரலீங்க.

மாதவராஜ்: ரஞ்சித்து மேல எனக்கு என்னம்மா கோவம்? நாலு பேரு பாத்து உசாரா இருக்கட்டும்னு...

நிர்மலா: ஊரு உசாராவ எங்க வூட்டுக்காரருதான் கெடச்சாரா? எங்கத்த தெனமும் அந்த வரிய எழுத்துக் கூட்டிப் படிக்குது. படிச்சிட்டு என்னப் பாக்குது.

மாதவராஜ்: அன்னிக்கு சாயங்காலம் ஆறு நாப்பதுக்கு போட்டேன்மா. 'ஏரிக்கரையில் ரெண்டு யானை, யாரும் போகவேண்டாம்'. செவப்பு எழுத்துல. ஏழரைக்கு அவன ஏரிக்கரையில கண்டெடுத்தாங்க. நான் வேற என்னன்னு எழுதட்டும்?

மாது: அண்ணே, இந்தப் பட்டா ரெண்டு ஜெராக்ஸ்.

மாதவராஜ்: வை மாது. அஞ்சு நிமிசம்.

மாது: யாரு... ரஞ்சித்குமார் சம்சாரமா? பாவம்மா. இவரு போன்ல போட்டும் பாக்காம போயிட்டானே மனுசன். சரிண்ணே, சந்தைக்குப் போயிட்டு வந்து வாங்கிக்கறேன்.

நிர்மலா: கேட்டீங்களா?

மாதவராஜ்: அவன் ஏதோ சொல்றான், விடும்மா.

நிர்மலா: உங்க போன்ல அந்தப் பக்கத்தத் தொறங்க.

மாதவராஜ்: தோ. இன்னிக்குக் காலையில போட்டது. 'யானை காட்டுக்குள் திரும்பியது'. தொட்டதும் வருதா? இதுக்கு மேல எப்படிம்மா சுளுவா வைக்கிறது?

நிர்மலா: இப்ப எங்க வூட்டு போன்ல தொறங்க. இந்தாங்க.

மாதவராஜ்: இது... இது யாரு பொம்பள?

நிர்மலா: சீட்டாடக் கூப்புடுறா.

மாதவராஜ்: இது என் பக்கமே இல்ல.

நிர்மலா: மேல பாருங்க. நீங்க வச்ச பேருதான்.

மாதவராஜ்: அஞ்சு, நாலுன்னு எண்ணுதே...

நிர்மலா: எண்ணட்டும். எண்ணி முடிஞ்சதும் மூடுங்க.

மாதவராஜ்: மூலையில இன்ட்டு குறி வந்துருச்சு. அமுக்கறேன்... எங்கயோ போவுது இது.

நிர்மலா: ஆட்டத்த எறக்கச் சொல்லும். அது பொய் இன்ட்டு. திரும்பி வாங்க.

மாதவராஜ்: வந்தேன்... மறுபடியும் அவளேதான். மறுபடியும் அஞ்சுலருந்து...

நிர்மலா: பின்னாடி செவப்பா ஏதாச்சும் தெரியுதாங்க?

மாதவராஜ்: தெரியல.

நிர்மலா: நீங்க பட்டப்பகல்ல, நாற்காலியில உக்காந்து பாக்கறீங்க.

மாதவராஜ்: விளம்பரம் ஓரத்துல சின்னதா வரும்னுதான் அத வச்ச கம்பெனிக்காரன் சொன்னான். நான் குடுத்த எடம் அவ்ளோதான். சத்தியமா இப்படி...

நிர்மலா: உங்க போன்ல மட்டும் ஏன் வரல?

மாதவராஜ்: அது... விளம்பரத்தத் தடுக்கறதுக்குன்னு ஒண்ணு இருக்கு. ஆட் பிளாக்கர்ம்பாங்க. ரெண்டு வருசமா போட்டு வச்சிருக்கேன். காவியா இதுலதான் பாடம் படிக்குது. கண்ட படமும் வருதுன்னு...

நிர்மலா: உங்க பொண்ணு பாக்கக் கூடாதுன்னு மறைச்சிட்டீங்க. ஊரு மட்டும் பாக்கலாம்.

மாதவராஜ்: அப்படி இல்லம்மா. விளம்பரம் வைக்கறப்ப இது போன்ல இருக்கறதே நெனப்பில்ல.

நிர்மலா: சென்றாயன் மாமா முன்னாடியே வந்து சொன்னாரு இல்ல? 'உன் பக்கம் தொறக்க மாட்டேங்குது மாதவா'ன்னு.

மாதவராஜ்: சொன்னாரு.

நிர்மலா: நீங்க என்ன சொன்னீங்க?

மாதவராஜ்: என் போன எடுத்துக் காட்டுனேன். எனக்கு நல்லா வருதே, உங்க போனுதான் சரியில்ல, கண்டதையும் ஏத்தி வச்சிருக்கீங்கன்னு...

நிர்மலா: சிரிச்சீங்களாம்.

மாதவராஜ்: சிரிச்சேன்.

நிர்மலா: எத்தினி பேரு வந்து சொன்னாங்க?

மாதவராஜ்: மூணு... நாலு பேரு இருக்கும். மொதல்ல ஊர்ல ஆளுக்கு அம்பது குடுத்தீங்க, பக்கம் நடந்துச்சு. அப்புறம் யானை வராத மாசத்துல எவனும் குடுக்கல. மூடிடலாமான்னு கேட்டேன். மூடாதன்னாங்க. விளம்பரம் வச்சா அதுவே ஓடிக்கும்னு அந்தக் கம்பெனிக்காரன் சொன்னான்.

நிர்மலா: நாங்க ஒரு மாசமும் விடாம குடுத்தோங்க.

மாதவராஜ்: தெரியும்மா.

நிர்மலா: இதையும் பாருங்க. அன்னிக்கு இந்த போன்ல என்னென்ன தொறந்துச்சுன்னு இருக்கு. அப்படியே கீழ போங்க.

மாதவராஜ்: ஆறு அம்பத்திமூணு... யானைப் பக்கம். அடுத்தது சீட்டு. திரும்ப யானைப் பக்கம். சீட்டு. யானைப் பக்கம், சீட்டு... அம்பத்தஞ்சுல கடைசியா சீட்டு.

நிர்மலா: நாலு தடவ.

மாதவராஜ்: நாலு தடவ பாத்திருக்கான் நிர்மலா. பாவி நான்... பாக்காம போயிட்டான்னு எழுதி வச்சிருக்கேனே.

நிர்மலா: அத எடுத்துடுங்க. அவ்ளோதான் கேக்கறேன்.

மாதவராஜ்: எடுத்தா மட்டும் போதாது. தோ, விளம்பரத்த மொத்தமா தூக்கறேன்... தூக்கியாச்சு. பக்கம் நின்னா நிக்கட்டும். இனிமே தகவல ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணிச் சொல்றேன்.

நிர்மலா: அந்த வரி...

மாதவராஜ்: அதத்தான் எழுதறேன். 'எச்சரிக்கையைப் பார்க்க நான்கு முறை முயன்றார். எங்கள் பக்கத்தில் இருந்த விளம்பரம் மறைத்துவிட்டது. தவறு என்னுடையது. மாதவராஜ்.' உங்கத்த இனிமே இதப் படிக்கட்டும். சரிதானம்மா?

நிர்மலா: இருங்கண்ணா.

மாதவராஜ்: 'தவறு என்னுடையது'ன்னு மேலயே போட்டுறட்டுமா?

நிர்மலா: வேணாங்கண்ணா.

மாதவராஜ்: ஏம்மா? இதுல என்ன பொய்யி? கேஸு கீஸுன்னு வந்தா வரட்டும், நான் பாத்துக்கறேன்.

நிர்மலா: அவரு முயலலீங்க.

மாதவராஜ்: நாலு தடவ தொறந்திருக்கானே, நீதான காட்டுன?

நிர்மலா: அவரு கழனிக்கு எடுத்துட்டுப் போனது பட்டன் போனுங்க. இது வூட்ல என் கையில இருந்துச்சு. 'யானைப் பக்கத்தப் பாத்துச் சொல்லு, ஏரிக்கரையில வரட்டுமா, ரோட்டு மேல சுத்தி வரட்டுமா'ன்னு கூப்புட்டுக் கேட்டாரு. நாலு தடவ மூடுனேன். நாலு தடவையும் அவளே வந்து நின்னா. அடுப்புல களி அடிப்பிடிக்குது, அவரு 'பாத்தியா, பாத்தியா'ங்கறாரு... 'ஒண்ணும் போடலீங்க, ஏரிக்கரையிலயே வந்துடுங்க'ன்னு நாந்தாண்ணா சொன்னேன்.