தோப்பிலிருந்து வராத சேதி

— இங்கன நெருங்கி உக்காருங்க மக்கா, சாரல் உள்ள அடிக்குது. ஆயிரப்பேரியில ஒரு மைனியும் கொழுந்தனும் பேசிக்கிட்ட கதை ஒண்ணு சொல்லுதேன். மைனி யோகலட்சுமி, கொழுந்தன் கைலாசம். அவுக பேசட்டும், நான் குறுக்கே வரலை.

யோகலட்சுமி: இன்னும் எத்தனை தடவைதான் அந்தப் போனைத் தேய்ப்பே? தேய்ஞ்சு போயிரப் போவுது.

கைலாசம்: சும்மா இருங்க மைனி. அண்ணனுக்குச் சேதி போகமாட்டேங்கு. போய்ச் சேர்ந்தா டிக் விழணும்.

யோகலட்சுமி: பழைய குத்தாலத்துக்கு மேல நம்ம தோப்புக்குள்ள ஆனை எறங்கியிருக்குன்னு பாரஸ்ட்காரங்க சொல்லுதாங்க. ஓடையில வெள்ளம், ஆளு போக வழியில்ல. அங்கன டவரும் கிடையாது. இந்த நேரம் பார்த்தா உன் ரேடியோவுக்கு விக்கல் எடுக்கணும்?

கைலாசம்: பொறுமையாப் பார்ப்போம். தோப்புல அண்ணன்கிட்ட ஒரு ரேடியோ. நம்ம மாடியில ஒண்ணு. இந்தப் போனோட சேர்ந்தது ஒண்ணு என் கையில. அண்ணன் அனுப்புறதை மாடியில இருக்கது கேட்டு, இதுக்கு எடுத்துச் சொல்லும்.

யோகலட்சுமி: நம்ம தெருப் பேராச்சி மாதிரி.

கைலாசம்: அவ கூட்டிச் சொல்லுவா. இது கேட்டதை மட்டுந்தான் சொல்லும்.

யோகலட்சுமி: தோப்புல சார்ஜ் தீர்ந்திருக்குமோ…

கைலாசம்: சோலார் மாட்டியிருக்கேன். வெயில் இல்லைன்னாலும் பேட்டரி தாங்கும்.

யோகலட்சுமி: அப்ப அந்தப் பாஸ்வேர்டு? என் தங்கச்சி மஞ்சு பேரை வச்சியே…

கைலாசம்: மைனி… மூணுலயும் ஒரே சேனல், ஒரே பாஸ்வேர்டுதான். வைக்கும்போதே பார்த்துட்டேன்.

யோகலட்சுமி: பேரை மாத்தலை. சரி சரி.

கைலாசம்: மாடி ரேடியோ மேலதான் எனக்குச் சந்தேகம். ஆன்டெனா கழண்டிருக்கும். ஏறிப் பார்த்துட்டு வாரேன்.

யோகலட்சுமி: நீ எதுக்கு ஏறணும்… வழுக்கும்லா.

கைலாசம்: ஏன் மைனி முழிக்கீய?

யோகலட்சுமி: யாரு முழிக்கா?

கைலாசம்: மைனி.

யோகலட்சுமி: …முந்தாநாள் கொரங்கு வந்துச்சு. அந்த ஆன்டெனாக் குச்சியைப் புடிச்சு ஆட்டிக்கிட்டு நின்னுச்சு. நான் விரட்டிவிட்டு…

கைலாசம்: விரட்டிவிட்டு?

யோகலட்சுமி: நனையவும் கூடாதுன்னு பெரிய சருவத்தைக் கவுத்தி மூடி, மேல அம்மிக்குழவியைத் தூக்கி வச்சேன்.

கைலாசம்: எவர்சில்வர் சருவமா?

யோகலட்சுமி: நல்ல கனமான சருவம். எங்கம்மா சீருக்குக் குடுத்தது.

கைலாசம்: போச்சு. உங்க சீரு அலையெல்லாத்தையும் முட்டித் திருப்பி அனுப்பிக்கிட்டு இருக்கு. அதுக்குள்ள ஒண்ணும் போகாது மைனி, ஒண்ணும் வராது. பிளாஸ்டிக் வாளியைக் கவுத்தியிருக்கலாம்லா.

யோகலட்சுமி: வாளியைக் கொரங்கு தலையில போட்டுக்கிட்டுப் போயிரும்… ஒண்ணுமே வராதோ?

கைலாசம்: வராது.

யோகலட்சுமி: நேத்து மத்தியானம் அண்ணன் அனுப்பியிருக்குன்னு வாசிச்சியே, ‘நல்லா இருக்கேன், நீ சாப்பிட்டியா’ன்னு… அது எப்படிலே வந்துச்சு? சருவத்துக்கு அடி வழியா நுழைஞ்சா?

கைலாசம்: அது… ஓரொரு நேரம்… போனைப் புடிங்க, நான் மாடிக்குப் போறேன்.

யோகலட்சுமி: பார்த்து ஏறு.

கைலாசம்: மைனி, சருவத்தை எடுத்துட்டேன். கீழ கேக்குதா? போன்ல ஏதும் தெரியுதா?

யோகலட்சுமி: டிக் விழுந்துட்டு… இரு, என்னமோ வருது.

கைலாசம்: நல்லாச் சத்தமா வாசிங்க.

யோகலட்சுமி: ‘ஆனை திரும்ப மலைமேல ஏறிட்டு. நான் காவல் பரண்ல இருக்கேன். அனுப்பி அனுப்பி விரல் வலிக்கு, பதில் போட உங்களுக்கு என்ன கேடு. ஓடை வடிஞ்சதும் பொயிலை குடுத்து விடு.’

கைலாசம்: அண்ணனேதான்.

யோகலட்சுமி: அவுகளேதான்…

கைலாசம்: நான் எறங்கி வாரதுக்குள்ள அழுதிருக்கீய பார்த்தீயளா.

யோகலட்சுமி: சாரல் பட்டுச்சுலே.

கைலாசம்: அடுக்களைக்குள்ளயா?… மைனி, நேத்து வாசிச்சது… நீங்க உண்ணாம கொள்ளாம கிடந்தீய. அதான் நானா…

யோகலட்சுமி: கட்டிக்கிட்டு வந்த நாளா அந்த மனுசன் என்னைச் சாப்பிட்டியான்னு கேட்டது கிடையாது. நீ வாசிக்கும்போதே தெரிஞ்சுபோச்சு. நான் உண்ணலைன்னா நீயும் தட்டுல கை வைக்க மாட்டேங்கே… அதான் நம்புனாப்புல சோத்தைப் போட்டு உக்காந்தேன்.

— உங்க வீட்டுல இருந்து மலைக்கும் காட்டுக்கும் போனவுக எல்லாரும் நல்லபடியா எறங்கி வரட்டும் மக்கா. அவுகளுக்காகக் காத்துக் கிடக்கிறவுக வயிறும் காயாம இருக்கட்டும்.